பணம் கட்டும் முன்னே தேர்வு எண்ணைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.டி. சான்றிதழ் பயிற்சியில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மெட்ரிக் (இங்கே பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பிள்ளையை எங்காவது சேர்த்துவிட வேண்டும் என்று அலையும் பெற்றோருக்கும் உதவும். நான் சேர்ந்தபோது இதையெல்லாம் எடுத்துச்சொல்ல ஒருவரும் இல்லை. ஆசிரியர் வேலை, நர்ஸ் வேலை, கணக்கர் வேலை என்றால் நம் குடும்பங்களில் யாராவது ஒரு மாமாவோ அத்தையோ வழி சொல்வார்கள். நெட்வொர்க், கிளவுட் என்றால் "கம்ப்யூட்டர் படிப்பா, நல்லதுதான், சேர்ந்துவிடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படிச் சேர்ந்ததில் 28,000 ராண்டுக்கான ஒப்பந்தமும் ஒரு வருடத்துக்கு மேலான மாலை நேரங்களும் என் தலையில் விழுந்தன. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அதில் கற்றதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

விற்பனை நடக்கும் விதத்திலிருந்தே தொடங்குகிறேன். மாலில் ஒரு மேசை, பின்னால் பெரிய பேனர், கனிவாகப் பேசும் ஓர் ஆள். "ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ், மூன்று சர்வதேசச் சான்றிதழ், ஒரே பேக்கேஜ். கொஞ்சம் முன்பணம், மிச்சம் மாதாமாதம் டெபிட் ஆர்டர்." (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வது.) கணினிப் பழுதுபார்ப்பு, நெட்வொர்க், பாதுகாப்பு ஆகியவற்றின் அடிப்படைக்கான இந்த மூன்று சான்றிதழ்களுமே நல்லவை. காம்ப்டியா என்ற அமெரிக்க அமைப்பு தருபவை, தென்னாப்பிரிக்க வேலை விளம்பரங்களில் தினமும் கண்ணில் படுபவை. சிக்கல் அந்த ஒப்பந்தத் தாளில் இருந்தது. அதில் 'பாடக் கட்டணம்' என்று இருந்தது, எந்தத் தேர்வு என்று எங்குமே இல்லை. தேர்வுக் கட்டணம் அதில் சேர்ந்ததா இல்லையா என்பதும் இல்லை.

இந்த வியாபாரத்தில் மூன்று தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாடம் நடத்துவது பயிற்சி நிலையம். சான்றிதழ் தருவது காம்ப்டியா, சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனம். தேர்வை நடத்துவது பெரும்பாலும் பியர்சன் வியூ. பயிற்சி நிலையம் வகுப்பு முடிவில் தரும் அழகான தாள், நீங்கள் வகுப்புக்கு வந்தீர்கள் என்பதற்கான சாட்சி மட்டுமே. வேலை கொடுப்பவர் தேடுவது அதை அல்ல. அவர் காம்ப்டியா தரும் சரிபார்ப்பு எண்ணையோ கிரெட்லி தளத்தில் வரும் டிஜிட்டல் பேட்ஜின் இணைப்பையோ கேட்பார். இன்னொன்று: காம்ப்டியா, சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சி.சி.என்.ஏ., மைக்ரோசாஃப்ட், அமேசான் தேர்வுகள் எதற்கும் வகுப்பில் உட்கார வேண்டும் என்ற விதி கிடையாது. வீட்டில் படித்துவிட்டு நேராகப் பதிவு செய்து எழுதலாம். இதை எனக்கு விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வகுப்பு கட்டாயமான தேர்வுகளும் உண்டு. ரூட்டர் செய்யும் மைக்ரோடிக் நிறுவனத்தின் எம்.டி.சி.என்.ஏ. தேர்வை அவர்கள் அங்கீகரித்த பயிற்சியாளரிடமோ அகாடமியிலோ படித்தபின்தான் எழுத முடியும். திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி.க்கு 35 மணி நேரப் பயிற்சியைக் காட்ட வேண்டும். ஆகவே வகுப்புக்குக் கொடுக்கும் காசு எதற்கு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்: விதிக்காகவா, அல்லது ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவா? இரண்டாவதுக்காகக் கொடுப்பதில் தவறே இல்லை, சொல்லிக்கொடுப்பவர் சரியான ஆளாக இருந்தால்.

இனி தேர்வு எண், அதாவது தேர்வின் எந்தப் பதிப்பு என்று காட்டும் எண். எனக்கு அதிகம் வலித்த இடம் இதுதான். ஏ பிளஸ் ஒரே தேர்வு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கோர் 1, கோர் 2 என்று இரண்டு தேர்வு. ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்வி. மதிப்பெண் 100 முதல் 900 வரை. கோர் 1-இல் 675, கோர் 2-இல் 700 வாங்கினால் தேர்ச்சி. இரண்டுக்கும் தனித்தனி வவுச்சர் (தேர்வுக் கட்டணம் கட்டியதற்கான குறியீடு), தனித்தனிக் காசு. இரண்டும் ஒரே தொடரில் இருந்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். எங்கள் வகுப்பில் நடத்தியது 2022-இல் வந்த தொடர், 220-1101, 220-1102. 2025 மார்ச் 25 அன்று 220-1201, 220-1202 என்று புதுத் தொடர் வந்துவிட்டது. பழையதை 2025 செப்டம்பர் 25-க்குப் பிறகு எழுத முடியாது என்று காம்ப்டியா தன் தளத்திலேயே போட்டிருந்தது. வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. 1101 எழுதித் தேறிவிட்டேன். கோர் 2 பாடத்தை, ஆசிரியர் போய்விட்டார், புதியவர் வருகிறார் என்று பயிற்சி நிலையம் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது. அது முடிந்து 1102-க்கு நாள் பிடிக்கப் போனபோது அந்தத் தேர்வே பட்டியலில் இல்லை. 1101-இல் வாங்கிய மதிப்பெண் 1202-உடன் சேராது. அதாவது கோர் 1-ஐ 1201 என்ற புதிய எண்ணில் மறுபடி எழுத வேண்டும், மறுபடி வவுச்சர் வாங்க வேண்டும். வீட்டில் புரட்டாசி விரதம் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, தேறிய தேர்வு ஒன்றுக்கும் ஆகாமல் போனதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இது ஏ பிளஸுக்கு மட்டும் வரும் சங்கதி இல்லை. காம்ப்டியா ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்வைப் புதுப்பிக்கும். புதியது வந்தபின் பழையது சில மாதம்தான் ஓடும். நெட்வொர்க் பிளஸில் என்10-009 வந்தது 2024 ஜூன் 20, பழைய என்10-008 நின்றது அதே வருடம் டிசம்பர் 20. செக்யூரிட்டி பிளஸில் எஸ்.ஒய்.0-701 வந்தது 2023 நவம்பர் 7, பழைய 601 நின்றது 2024 ஜூலை 31. மூன்று சான்றிதழ் பேக்கேஜை ஒன்றரை வருடம் இழுத்தால், கடைசித் தேர்வுக்குப் போகும்போது எண் மாறியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கணக்கு எளிது. இப்போதைய எண் எந்தத் தேதியில் வந்தது என்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள், அதோடு மூன்று வருடம் கூட்டுங்கள். நீங்கள் தேர்வு எழுத நினைக்கும் மாதம் அதற்கு அருகில் வந்தால், "புது எண் வந்தால் பாடத்தையும் புத்தகத்தையும் கூடுதல் காசில்லாமல் மாற்றித் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். எண்ணையே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே உட்கார வேண்டாம்.

மற்ற நிறுவனங்களின் வழக்கம் வேறு. சி.சி.என்.ஏ.க்கு 2020 பிப்ரவரி 24 முதல் 200-301 என்ற எண்தான். ஆனால் உள்ளடக்கம் 2024 ஆகஸ்ட் 20 முதல் 1.1 என்ற பதிப்புக்கு மாறியது. அங்கே எண்ணோடு பதிப்பையும் கேட்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் எண்ணை மாற்றாமலே பாடத்தை அடிக்கடி திருத்தும். தேர்வின் படிப்பு வழிகாட்டிப் பக்கத்தில் எந்தத் தேதி முதல் அந்தப் பாடம் நடைமுறை என்று போட்டிருக்கும். எம்.சி.எஸ்.ஏ., எம்.சி.எஸ்.இ. இரண்டையும் மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-லேயே நிறுத்திவிட்டது. இன்றும் எம்.சி.எஸ்.இ. என்று பலகை வைத்து ஆள் சேர்க்கும் இடத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

எந்தச் சான்றிதழ் என்பதைப் பயிற்சி நிலையத்திடம் கேட்காதீர்கள், வேலை விளம்பரத்திடம் கேளுங்கள். பிநெட், கெரியர்ஸ்24, லிங்க்டின் என்ற வேலைவாய்ப்புத் தளங்கள் மூன்றிலும் உங்களுக்கு வேண்டிய வேலையின் பெயரைப் போட்டு, போய்வர முடிகிற ஊர்களை மட்டும் வைத்து, முப்பது நாற்பது விளம்பரத்தைப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கும் சான்றிதழை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். இதைச் செய்தால் விற்பனையாளர் சொல்லாதவை நிறைய தெரியவரும். டெக்னீஷியன் வேலைக்கு ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ் கேட்கும் விளம்பரங்கள் பலவற்றில் கோட் 8 லைசென்ஸும் (கார் ஓட்டும் உரிமம்) சொந்த வண்டியும் கேட்பதைப் பார்ப்பீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் அந்தக் காசில் முதலில் லைசென்ஸ் எடுப்பது புத்திசாலித்தனம். வயர்லெஸ் இன்டர்நெட் தரும் சின்ன நிறுவனங்கள் இந்த நாட்டில் ஏராளம், அவை மைக்ரோடிக் ரூட்டர்களை நிறையப் பயன்படுத்துகின்றன. அங்கே எம்.டி.சி.என்.ஏ.க்கு மதிப்பு அதிகம், ஆனால் பெரிய பேக்கேஜ் விற்கும் இடங்களில் அதன் பெயரையே கேட்க மாட்டீர்கள். கிளவுட் பக்கம் போக நினைப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் அஷூர், அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். இரண்டுக்கும் இங்கே ஆள் தேவை. மைக்ரோசாஃப்ட் 2019 மார்ச்சிலும் அமேசான் 2020 ஏப்ரலிலும் இந்த நாட்டிலேயே தரவு மையப் பகுதிகளைத் திறந்தன. முதல் வேலை தேடும் பிள்ளைக்கு சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற, அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சான்றிதழை விற்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சான்றிதழுக்கு ஐந்து வருட வேலை அனுபவம் வேண்டும், பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழியும். தேர்வில் தேறினாலும் அனுபவம் சேரும் வரை அதன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

'என்.க்யூ.எஃப். லெவல் 5-க்குச் சமம்' என்று சொன்னால் நிதானியுங்கள். என்.க்யூ.எஃப். நிலை என்பது தேசியத் தகுதிச் சட்டகத்தில் பதிவான தகுதிகளுக்கு உரியது. ஒரு நிறுவனத்தின் சான்றிதழ் தானாக எந்த நிலையிலும் வராது. பதிவான தகுதி என்றால் அதற்கு சாக்வாவில் (தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையம்) ஓர் அடையாள எண் இருக்கும். அந்த எண்ணை வாங்கி சாக்வா தளத்தில் தேடுங்கள், கடைசிச் சேர்க்கைத் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். அந்தக் குறிப்பிட்ட கிளையில் அந்தத் தகுதியை நடத்த கியூ.சி.டி.ஓ. (தொழிற்படிப்புகளின் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று கடிதத்தைக் கேளுங்கள். ஜோஹனஸ்பர்க் கிளைக்கு உள்ள அங்கீகாரத்தை டர்பன் கிளையின் சுவரில் மாட்டிவைத்தால் போதாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பட்டத்தை சாக்வாவிடம் மதிப்பிட்டு வாங்குவது தனி வேலை, அதற்குப் பதிலாக எந்தச் சான்றிதழும் நிற்காது. முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டுப் படிப்பைப் பாருங்கள்.

பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்று அறிய ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஸ்லைடை வாசித்துக்கொண்டே போகிறாரா, செய்து காட்டுகிறாரா? நெட்வொர்க் வகுப்பு என்றால் இப்படிக் கேட்டுப் பாருங்கள். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் என்ற நெட்வொர்க் பயிற்சி மென்பொருளில் ஒரு ரூட்டர், இரண்டு சுவிட்ச், ஒவ்வொரு சுவிட்சிலும் வி.லேன் 10-இல் ஒரு கணினி, வி.லேன் 20-இல் ஒரு கணினி. (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் வி.லேன்.) எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டும். தெரிந்தவர் இதைப் பேச்சோடு பேச்சாகப் போட்டுக் காட்டிவிடுவார். அதன்பிறகு அவரே ஒன்றைக் கெடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சுவிட்சுகளுக்கு இடையில் எல்லா வி.லேனையும் சுமக்கும் இணைப்பான ட்ரங்கில் வி.லேன் 20-ஐ எடுத்துவிட்டால், வி.லேன் 10 கணினிகள் வழக்கம்போல் பேசும், வி.லேன் 20-இல் இருப்பவை அடுத்த சுவிட்சுக்குப் போய்ச் சேராது. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' என்று அடித்தால் அனுமதிக்கப்பட்ட வரிசையில் 20 காணாமல் போயிருப்பது தெரியும். மாறாக ரூட்டரின் சப் இன்டர்ஃபேஸில் வி.லேனைக் குறிக்கும் டாட்1க்யூ எண்ணைத் தப்பாகப் போட்டால், ஒரே வி.லேனுக்குள் எல்லாம் பேசும், கேட்வேக்கு, அதாவது ரூட்டருக்கு, மட்டும் பிங் போகாது. இரண்டு கோளாறும் பயனருக்கு ஒரே மாதிரி "நெட் வரவில்லை" என்றுதான் தெரியும். எது எங்கே கெட்டது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தருபவரே ஆசிரியர். வேலைக்கான நேர்காணலிலும் இதைத்தான் கேட்பார்கள். 192.168.10.130/26 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று கேட்டால் தாளில்லாமல் பதில் வர வேண்டும்: /26 என்றால் 64 முகவரி, 0, 64, 128, 192 என்று போகும், ஆகவே 128-இல் தொடங்கும் நெட்வொர்க், பிராட்காஸ்ட் 191, இடையில் கணினிகளுக்கு 62 முகவரி. இதை மனதில் போட முடியாத ஒருவரை எந்த வகுப்பும் இன்னும் தயார் செய்யவில்லை என்று அர்த்தம்.

வகுப்பில் லேப் இருக்கிறது என்று சொன்னால், எத்தனை பேருக்கு எத்தனை கணினி, வகுப்பு இல்லாத நேரத்தில் தொடலாமா என்று கேளுங்கள். எங்கள் லேப் பூட்டியே இருந்தது. கடைசியில் வீட்டில்தான் கற்றேன். 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. உள்ள செகண்ட் ஹாண்ட் லேப்டாப் ஒன்று போதும். ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட உதவும் விர்ச்சுவல் பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் மதிப்பீட்டுப் பிரதியை மைக்ரோசாஃப்ட் 180 நாளுக்கு இலவசமாகத் தருகிறது. கோப்பு ஐந்து ஜி.பி. அளவு வரும், மொபைல் டேட்டாவில் இறக்கினால் கை சுடும், ஃபைபர் இருக்கும் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு சர்வரை, அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலராக்கி, இன்னொரு விண்டோஸை அதில் சேர்த்துப் பாருங்கள். முதல் தடவை பெரும்பாலும் சேராது. காரணம், அந்தக் கணினியின் டி.என்.எஸ். (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) வீட்டு ரூட்டரையோ 8.8.8.8-ஐயோ காட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் டொமைனின் பெயர் வெளியே உள்ள சர்வருக்குத் தெரியாது. டி.என்.எஸ்.ஸை டொமைன் கன்ட்ரோலரின் முகவரிக்கு மாற்றினால் சேர்ந்துவிடும். நாமே தடுமாறி நாமே சரி செய்தது ஒருநாளும் மறக்காது. கிளவுட் பழகுபவர்கள் அஷூரின் 200 டாலர், 30 நாள் இலவசக் கணக்கில் தொடங்கலாம். ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் முதல் வேலையாகச் செலவு எச்சரிக்கையைப் போட்டுவிடுங்கள். பாடத்துக்காகப் போட்ட நாட் கேட்வே என்ற நெட்வொர்க் சேவையை அழிக்க மறந்தால், யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அது மணிக்கணக்கில் காசு ஏற்றிக்கொண்டே இருக்கும்.

படிக்கும் பொருளுக்குப் பெரிதாகச் செலவு செய்ய வேண்டாம். தேர்வில் என்னென்ன வரும் என்ற பட்டியலைக் காம்ப்டியாவும் சிஸ்கோவும் இலவச பி.டி.எஃப். ஆகத் தருகின்றன, பகுதிக்கு எத்தனை விழுக்காடு என்பதும் அதில் உண்டு. சி.சி.என்.ஏ.யில் ஐ.பி. கனெக்டிவிட்டிக்கு மட்டும் 25 விழுக்காடு, ஆட்டோமேஷனுக்கு 10. நேரத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள். காம்ப்டியாவுக்கு ப்ரொஃபசர் மெஸ்ஸரின் வீடியோக்களும், மைக்ரோசாஃப்டுக்கு மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளமும் இலவசம். பாக்கெட் ட்ரேசர் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் திறந்தால் கிடைக்கும். 'உண்மையான தேர்வுக் கேள்விகள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் டம்ப்களைத் தொடாதீர்கள். தேர்வுக்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு அது எதிரானது. கண்டுபிடித்தால் சான்றிதழைப் பறிப்பார்கள், மறுபடி எழுதவும் தடை வரலாம். தவிர அவற்றில் விடைகளே பல இடங்களில் தப்பு.

வவுச்சர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். முன்கூட்டியே எல்லாம் வாங்கித் தருகிறோம் என்பார்கள். காம்ப்டியா வவுச்சர் 12 மாதம் செல்லும், நீட்டிப்பு இல்லை. அந்தத் தேர்வு நிற்கப்போவதாக இருந்தால் அதற்கு முன்பே பயன்படுத்தியாக வேண்டும். விலை நாட்டுக்கு நாடு வேறு, ஒரு பகுதிக்கான வவுச்சர் இன்னொரு பகுதியில் செல்லாது. இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரரிடம் மலிவாக வாங்கி அனுப்பச் சொல்லும் யோசனை இங்கே உதவாது. மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 85 விழுக்காட்டுக்கு மேல் வரும்போது வாங்கி, இரண்டு மூன்று வாரத்துக்குள் நாள் குறியுங்கள். மறுதேர்வு இலவசமா என்று கேளுங்கள். காம்ப்டியா தானாக இலவச மறுதேர்வு தருவதில்லை, அதற்கான பேக்கேஜைத் தனியாக வாங்க வேண்டும். முதல் தடவை போனால் இரண்டாவதை உடனே எழுதலாம், மூன்றாவதுக்கு 14 நாள் காத்திருக்க வேண்டும். சிஸ்கோ, ஏ.டபிள்யூ.எஸ். தேர்வுகளுக்கு விலை டாலரில். சி.சி.என்.ஏ. 300 டாலர், ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர். ராண்ட் விழும் வாரத்தில் அதே தேர்வு கூடுதலாகக் கடிக்கும்.

பதிவு செய்யும்போது பெயரில் கவனம் வையுங்கள், நம்மவர்களுக்குத்தான் இதில் அதிகம் சிக்கல். பியர்சன் வியூவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தை பெயராக நிற்கும், சிலருக்குக் குடும்பப்பெயர் கட்டமே காலி. இங்கே பிறந்தவர்களில் கல்யாணத்துக்குப் பின் குடும்பப்பெயர் மாறியவர்கள் பழைய பெயரிலேயே கணக்கு வைத்திருப்பார்கள். எல்லோரும் கூப்பிடும் பெயரைப் போட்டவர்களும் உண்டு. தேர்வு அன்று வாசலில் திருப்பி அனுப்பினால் காசு போனதுதான். நாள் குறிக்கும் முன்பே பெயரைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள், சில நாள் ஆகும்.

வீட்டிலிருந்து எழுதுவதா, மையத்துக்குப் போவதா என்றால் நான் மையத்தைத்தான் சொல்வேன். வீட்டில் எழுதினால் அறையை நான்கு பக்கமும் படமெடுத்து அனுப்ப வேண்டும், இரண்டாவது திரை கூடாது, கேள்வியை வாய்விட்டு வாசிக்கக் கூடாது, நடுவில் அறைக்குள் யார் நுழைந்தாலும் தேர்வு ரத்தாகலாம். கூட்டுக் குடும்பத்தில் இது எளிதில்லை. லோட்ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) 2023-இல் போல் இப்போது இல்லை என்றாலும், தெருவில் கேபிள் திருட்டுப் போனாலோ டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலோ நேரம் காலம் தெரியாமல் கரண்ட் போகும். மையத்தில் அந்தக் கவலை அவர்களுடையது. காம்ப்டியா தேர்வில் செய்து காட்டும் கேள்விகள் ஆரம்பத்திலேயே வரும். அவற்றைக் குறித்துவிட்டுக் கடைசியில் வாருங்கள், இல்லையென்றால் நேரத்தை அவையே விழுங்கிவிடும். சிஸ்கோவில் அப்படிச் செய்ய முடியாது, அடுத்த கேள்விக்குப் போனால் திரும்ப வழியில்லை.

தேறியபின்னும் செலவு உண்டு. ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், செக்யூரிட்டி பிளஸ், சி.சி.என்.ஏ. எல்லாம் மூன்று வருடம்தான். காம்ப்டியாவில் புதுப்பிக்க முறையே 20, 30, 50 புள்ளி சேர்க்க வேண்டும், வருடக் கட்டணமும் உண்டு. உயர்ந்த சான்றிதழை எடுத்தால் கீழுள்ளது தானாகப் புதுப்பிக்கப்படும். மைக்ரோசாஃப்டின் அஷூர் நிர்வாகிக்கான ஏ.இசட்.-104 போன்றவை ஒரு வருடத்தில் காலாவதி, ஆனால் முடிவதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இணையத்தில் ஒரு சிறு தேர்வை எழுதினால் இலவசமாக நீட்டிக்கலாம். அடிப்படைச் சான்றிதழான ஏ.இசட்.-900 காலாவதி ஆவதில்லை.

இனி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு. மாலிலோ தொலைபேசியிலோ அவர்களாக உங்களை அணுகி விற்றிருந்தால், 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே, அபராதம் இல்லாமலே ரத்து செய்யலாம். எழுத்தில் சொல்ல வேண்டும், மின்னஞ்சல் போதும். அந்த நாள் கடந்திருந்தால் 14-ஆம் பிரிவு இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். நியாயமான ஒரு ரத்துக் கட்டணம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு, மிச்சமுள்ள முழுத் தொகையையும் கேட்க முடியாது. 'எக்காரணம் கொண்டும் பணம் திரும்பாது' என்று தாளில் அச்சடித்திருப்பதால் சட்டம் தந்த உரிமை போய்விடாது. கடிதத்தில் ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, எந்தப் பிரிவின்கீழ் ரத்து செய்கிறீர்கள், எந்தத் தேதியிலிருந்து, இதுவரை கட்டியது எவ்வளவு, நடந்த வகுப்புகள் எவை என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் கொடுத்த வாக்குறுதிகளின் படங்களை இணையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்திடம் புகார் செய்யலாம். கடிதம் அனுப்பாமல் வங்கியில் டெபிட் ஆர்டரை மட்டும் நிறுத்தினால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும், பாக்கி என்று கடன் வசூல் ஆட்கள் பின்னால் வருவார்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள்: தவணை வாங்குவது பயிற்சி நிலையமா, வேறொரு கடன் நிறுவனமா? தாளில் என்.சி.ஆர்.சி.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால் அது கடன் ஒப்பந்தம். படிப்பை விட்டாலும் கடன் நிற்கும், இரண்டையும் தனித்தனியாகத்தான் தீர்க்க வேண்டும். வங்கிச் செயலியில் டெபிட் ஆர்டருக்கான டெபிசெக் அனுமதி கேட்டு வரும்போது தொகை, முதல் தேதி, அதிகபட்சத் தொகை மூன்றையும் ஒப்பந்தத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டே அனுமதியுங்கள்.

எனக்கு 14-ஆம் பிரிவுக் கடிதத்தால் மிச்சமிருந்த தவணைகள் நின்றன. கட்டியது திரும்பி வரவில்லை. புதிய தொடரில் இப்போது கோர் 2-ஐ முதலில் எழுதப்போகிறேன், இரண்டில் எதை முதலில் எழுதினாலும் காம்ப்டியா ஏற்றுக்கொள்ளும். பழைய குறிப்புகளில் பெரும்பகுதி 1202-க்கும் பயன்படுகிறது. 1201-க்கான பட்டியலை இறக்கிப் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, புதிதாக வந்த வரிகளை மட்டும் கோடிட்டுப் படிக்கிறேன். என்னைப் போல் பழைய தொடரில் பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் இதே வழியைப் பின்பற்றலாம், மறுபடி வகுப்புக்குக் காசு கட்ட வேண்டியதில்லை.